மீட்டர்கேஜ் பயணிகள் பெட்டியை லெகோ கட்டைகளில் பெரிதாகக் கட்ட எந்த அளவுவிகிதம் சரியாக இருக்கும்?

ஆரியங்காவுக்காரன் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். செங்கோட்டைக்கும் தென்மலைக்கும் நடுவே, கேரள எல்லைக்குள் இருக்கும் ஆரியங்காவில் குடியிருக்கிறேன். என் தந்தையார் கொல்லம்–செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையில் கீமேனாக (தண்டவாளத்தை நடந்தே சோதிப்பவராக) வேலை பார்த்தவர். 1904-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில், எங்கள் மலைப்பகுதியில் 2010-இல் மீட்டர்கேஜ் வண்டிகள் நின்றன. 2018-இல் அது அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. அவர் தினமும் ஸ்பேனரும் சுத்தியலும் சுமந்து நடந்த தண்டவாளம் இப்போது இல்லை. அந்தத் தண்டவாளத்தில் ஓடிய பயணிகள் பெட்டி ஒன்றையாவது லெகோ கட்டைகளில் அவருக்காகக் கட்ட வேண்டும் என்று ஆறு மாதமாக உழைத்து வருகிறேன்.

முதல் பெட்டியை எட்டுக் குமிழ் (கட்டையின் மேலுள்ள சிறு புடைப்பு) அகலத்தில், லெகோ நிறுவனத்தின் தண்டவாளத்தில் ஓடும்படி, அடர்சிவப்புக் கட்டைகளால் கட்டி முடித்தேன். இணையத்தில் பலரும் எட்டுக் குமிழ் அகலமே நல்லது என்று எழுதியிருந்ததால் வேறொன்றையும் யோசிக்கவில்லை. தந்தையார் அதை மேசைமேல் வைத்து, குனிந்து, முகப்பை மட்டும் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இது பிராட்கேஜ் வண்டில்லா” என்றார். பிறகு சக்கரத்தின் வெளி விளிம்புக்கும் பெட்டியின் சுவருக்கும் இடையே விரலை வைத்துக் காட்டினார். விரல் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடைவெளி இருந்தது. “நம்ம வண்டி தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் தோள் பிதுங்கினாப்புல இருக்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னது சரி என்று பழைய புகைப்படங்களைப் பார்த்த பிறகு எனக்கும் புரிந்தது. ஆனால் எந்த அளவுவிகிதத்தில் கட்டினால் அந்தத் தோற்றம் வரும், அவ்வளவு பெரிய பெட்டியின் எடையை இந்தப் பிளாஸ்டிக் கட்டைகள் தாங்குமா, அது வளைவில் திரும்புமா என்பவை எனக்குத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

குண்டாற்றுக்கரையான் எழுதியது:

வணக்கம் தம்பி. செங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். உங்கள் தந்தையார் ஒரே பார்வையில் கண்டுபிடித்ததைக் கணக்கும் அப்படியே சொல்கிறது.

நம் மீட்டர்கேஜ் பயணிகள் பெட்டியின் உடல் அகலம் சுமார் 2,745 மில்லிமீட்டர், நீளம் சுமார் 19,510 மில்லிமீட்டர். தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,000 மில்லிமீட்டர். அதாவது பெட்டியின் அகலம் பாதையின் அகலத்தைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு. அகலப்பாதையில் பாதை 1,676, பெரம்பூர் ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) பெட்டியின் உடல் 3,245. அங்கே விகிதம் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் கட்டிய பெட்டி எட்டுக் குமிழ், ஒரு குமிழுக்கு 8 மில்லிமீட்டர் வீதம் 64 மில்லிமீட்டர். லெகோ தண்டவாளத்தின் உள்ளகலம் 37.5 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் 1.7 மடங்குதான் வருகிறது. மீட்டர்கேஜ் மட்டுமல்ல, அகலப்பாதைப் பெட்டிக்குக்கூட அது ஒடுக்கம்தான். அகலப்பாதைப் பெட்டியை அந்தத் தண்டவாளத்தில் சரியாகக் கட்ட ஒன்பது குமிழ் வேண்டும். எட்டுக் குமிழ் என்ற பரிந்துரை மேலைநாட்டுப் பாதையையும் அங்கே விற்கும் தண்டவாள வளைவுகளையும் மனத்தில் வைத்துப் பிறந்த வழக்கம். நம் ஊர்ப் பெட்டிக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே பெட்டியின் அகலத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள். தண்டவாளத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற அளவுகள் எல்லாம் அதிலிருந்து தாமாக வரும். உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. லெகோ தண்டவாளத்திலேயே நிற்பது என்றால் 1,000-ஐ 37.5 ஆல் வகுக்க, அளவுவிகிதம் 26.7-இல் ஒன்று. பெட்டி பதின்மூன்று குமிழ் அகலம், ஏறத்தாழ தொண்ணூற்றொரு குமிழ் நீளம் வரும். இன்னொரு வழி, தோட்டங்களில் பெரிய மாதிரி ரயில் ஓட்டுபவர்கள் பயன்படுத்தும் 45 மில்லிமீட்டர் உலோகத் தண்டவாளம். இந்த அகலம் மீட்டர்கேஜுக்காகவே அமைந்தது போன்றது. ஐரோப்பாவில் அந்தத் தண்டவாளத்தோடு சேர்த்து வழங்கும் அளவுவிகிதம் 22.5-இல் ஒன்று, 1,000-ஐ 22.5 ஆல் வகுத்துப் பாருங்கள், 44.4 வரும். அங்குள்ள மலைப்பாதைகள் பலவும் மீட்டர்கேஜ் என்பதால் நேர்ந்த பொருத்தம் இது, நமக்கும் அப்படியே உதவுகிறது. இந்த விகிதத்தில் உங்கள் பெட்டி பதினைந்து குமிழ் அகலமும் நூற்றெட்டுக் குமிழ் நீளமும் கொண்டதாக இருக்கும். தண்டவாளத்தின் உள்விளிம்புக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் 37 மில்லிமீட்டருக்கு மேல் உடல் நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது உங்களிடம் இருப்பதில் அது 13 மில்லிமீட்டர்தான்.

நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். இடம் அதிகம் வேண்டும், செலவும் கூடும்; ஆனால் ஜன்னல் ஷட்டரின் பலகைக் கோடுகளைக்கூடக் கட்டைகளாலேயே காட்டக்கூடிய அளவு அது. இந்த விகிதத்தில் ஒரு குமிழ் என்பது 180 மில்லிமீட்டர், ஒரு கட்டையின் உயரம் 216 மில்லிமீட்டர், மெல்லிய தகட்டின் உயரம் 72 மில்லிமீட்டர். இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். புகைப்படத்தைப் பார்க்கும்போதே கண் கட்டைகளாக எண்ணத் தொடங்கிவிடும்.

பாலக்காட்டுக் கணக்கு எழுதியது:

வணக்கம். நான் பாலக்காட்டில் எந்திரப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். அண்ணாச்சி சொன்ன விகிதத்தை நானும் ஆதரிக்கிறேன். எடையையும் வளைவையும் பற்றித் தம்பி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

வரிசைக்கு நான்கு குமிழாக இரண்டு வரிசை கொண்ட, எல்லோருக்கும் தெரிந்த இரண்டுக்கு நான்கு கட்டை ஒன்று சுமார் 2.3 கிராம். நூற்றெட்டுக் குமிழ் நீளப் பெட்டியில் சுவர், இரட்டைத் தளம், கூரை, இருக்கைகள் எல்லாம் சேர்ந்தால் என் மதிப்பீட்டில் இரண்டரைக் கிலோ வரும். அது இரண்டே இடங்களில், இரண்டு சக்கரத் தொகுதிகளின் மேல் நிற்கும். நடுவில் 600 மில்லிமீட்டருக்கு மேல் ஆதாரமே இல்லை. தளத்தை வெறும் தகடுகளால் அடுக்கிக் கட்டினால் நடு வயிறு தொங்கிவிடும்.

இதற்கு லெகோ கட்டையின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டையை மேல்நோக்கி இழுத்தால் குமிழ் கழன்றுவிடும். பக்கவாட்டில் இழுத்தால் எளிதில் கழலாது. பெட்டி தொங்கும்போது கீழ்ப்பகுதி நீள்வாக்கில் இழுபடுகிறது, மேல்பகுதி அமுங்குகிறது. எனவே அடியில் நீளமான தகடுகளை மூன்று அடுக்காக, ஓர் அடுக்கின் சேர்ப்பு அடுத்த அடுக்கின் நடுவில் வரும்படி மாற்றி மாற்றி வைத்துக் கட்டினால், இழுவிசையைக் குமிழ்கள் பக்கவாட்டில் தாங்கிக்கொள்ளும். தளத்திலிருந்து ஜன்னல் அடி வரையிலான சுவரையும் அந்த அடுக்கோடு பிணைத்து ஓர் உத்தரம் போல ஆக்குங்கள். இந்தப் பிணைப்பில் குமிழ்களை மட்டும் நம்பாமல், துளையுள்ள டெக்னிக் கட்டைகளை மேலும் கீழும் வைத்து, நிற்கும் பீம்களை ஊசிகளால் பூட்டுங்கள். ஐ.சி.எஃப். பெட்டியிலும் சுவரும் கூரையும் தளமும் ஒரே கூடாக நின்று எடையைத் தாங்குகின்றன; ‘இன்டெக்ரல்’ என்று பெயரிலேயே வைத்திருப்பது அதனால்தான். நீங்களும் தளம் தனி, சுவர் தனி என்று நினைக்காதீர்கள்.

சக்கரத்துக்கு லெகோவின் சிறிய ரயில் சக்கரங்கள் இந்த எடைக்கு உதவா. 45 மில்லிமீட்டர் பாதைக்கென விற்கும் உலோகச் சக்கரங்களை வாங்கி, அச்சின் இரு முனைகளிலும் 623 எண்ணுள்ள பால் பேரிங் வையுங்கள். உள்விட்டம் 3, வெளிவிட்டம் 10, தடிமன் 4 மில்லிமீட்டர். இந்த விகிதத்தில் 10 மில்லிமீட்டர் என்பது 225 மில்லிமீட்டர் ஆகிவிடுவதால், பேரிங்கை மூடும் உறையே பார்வைக்கு அச்சுப்பெட்டி போலத் தெரியும். உங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் கொட்டும் என்பதால் துருப்பிடிக்காத எஃகுப் பேரிங்காகப் பார்த்து வாங்குங்கள்.

வளைவுக்கு ஒரு சிறிய கணக்கு போதும். பெட்டியின் நடுப்பகுதி வளைவில் உள்பக்கமாக எவ்வளவு விலகும் என்பதற்கு, இரண்டு சக்கரத் தொகுதிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தின் வர்க்கத்தை, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். உண்மைப் பெட்டியில் அந்த இடைவெளி 13,720 மில்லிமீட்டர், மாதிரியில் 610. கடையில் எளிதில் கிடைக்கும் 600 மில்லிமீட்டர் ஆர வளைவில் இதைப் போட்டால் விலகல் 77 மில்லிமீட்டர். பெட்டியின் பாதி அகலமே 60 தான் என்பதால், நடுப்பகுதி முழுவதும் பாதையின் மையக்கோட்டைத் தாண்டி உள்ளே போய்விடும். 1,195 ஆரத்தில் விலகல் 39 ஆகிறது. பெட்டி ஓடும், ஆனால் அழகாக இராது. 2,320 ஆரத்தில் 20 மில்லிமீட்டர்தான். சக்கரத் தொகுதியும் ஏழரை டிகிரி திரும்பினால் போதும். முற்றத்தில் இடம் இருந்தால் இந்தக் கடைசி ஆரத்துக்கே போங்கள். இடம் இல்லையென்றால் வளைவையே விட்டுவிட்டுத் திண்ணையில் நேர்கோட்டில் ஓட்டலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

களியக்காவிளை கட்டுநர் எழுதியது:

அக்காவின் கணக்கை மதிக்கிறேன். ஆனால் உலோகச் சக்கரம், பேரிங், அதை மூட வேறு உறை என்று சேர்த்துக்கொண்டே போனால், அதை லெகோ பெட்டி என்று எப்படிச் சொல்ல முடியும் என்பது என் கேள்வி. முழுக்க லெகோ பாகங்களாலேயே கட்டுவதில்தான் இந்தக் கலையின் கட்டுப்பாடும் மகிழ்ச்சியும் இருக்கின்றன என்று நம்புகிறேன். பதின்மூன்று குமிழ் அகலத்தில் லெகோ தண்டவாளத்திலேயே கட்டினால் எடை குறையும், பாதையும் தூய்மையாக இருக்கும். பிற நிறுவனங்கள் லெகோ பாதைக்குப் பொருந்தும்படி 120 குமிழ் ஆரத்திலும் வளைவுகள் செய்கிறார்கள். அதில் அக்கா சொன்ன அதே கணக்கைப் போட்டால் விலகல் 34 மில்லிமீட்டர்தான் வருகிறது.

பாலக்காட்டுக் கணக்கு எழுதியது:

உங்கள் கணக்கு சரியே. தூய்மையை விரும்புகிறவருக்கு அது நேர்மையான வழிதான். என் எல்லைக்கோடு வேறு இடத்தில் இருக்கிறது: தண்டவாளத்தைத் தொடுவதும் சுழல்வதும் எதனாலும் இருக்கலாம், கண் பார்ப்பதும் கை கட்டுவதும் லெகோவாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்றில் உங்கள் பக்கம் நிற்கிறேன். தொங்கலைத் தடுக்க அடியில் அலுமினியச் சட்டம் வைக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அதை நான் பரிந்துரைக்கவில்லை. லெகோ கட்டையின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் வெயிலில் அலுமினியத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் விரியும். இருபது டிகிரி சூடேறினால் இந்த நீளத்துக்கு இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு வரும். இரு முனையிலும் இறுக்கிப் பூட்டியிருந்தால் கட்டைகளின் சேர்ப்புகள் திறந்துகொள்ளும். முழுக்க ஒரே பிளாஸ்டிக் என்றால் எல்லாம் சேர்ந்தே விரிந்து சேர்ந்தே சுருங்கும்.

பழைய டி.எக்ஸ்.ஆர். எழுதியது:

தம்பிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். மீட்டர்கேஜ் பெட்டிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்று, புனலூரில் வசிக்கிறேன். கட்டைகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் பெட்டியைத் தெரியும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்துகிறேன். மக்கள் பெட்டி முழுவதையும் போகி என்கிறார்கள். எங்கள் பணிமனையில் போகி என்றால் பெட்டியின் அடியில் திரும்பும் நான்கு சக்கர வண்டி மட்டுமே. நீங்கள் பாகம் தேடும்போதும் மற்றவரிடம் கேட்கும்போதும் இதில் குழப்பம் வரலாம் என்பதால் சொல்கிறேன். மீட்டர்கேஜ் போகியின் சக்கரம் புதிதாக இருக்கும்போது 725 மில்லிமீட்டர் விட்டம். தேயத் தேயக் குறையும். பெரிய மாதிரிகளுக்கு விற்கும் 31 மில்லிமீட்டர் சக்கரம் உங்கள் விகிதத்தில் 700-க்கு அருகில் வருகிறது. கொஞ்சம் தேய்ந்த சக்கரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை.

தம்பி முதலில் கட்டிய பெட்டியின் முகப்பில், லெகோவில் வரும் இரட்டை பஃபரை (பெட்டிகள் மோதும்போது இடியைத் தாங்குவது) வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அகலப்பாதைப் பெட்டிக்குத்தான் இரண்டு பக்கமும் பஃபர். மீட்டர்கேஜில் நடுவில் ஒன்றே ஒன்று. இடிப்பதும் இழுப்பதும் அந்த ஒன்றே. உங்கள் தந்தையார் முகப்பைப் பார்த்தவுடன் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். கீமேன்கள் தண்டவாளத்து ஓரம் ஒதுங்கி நின்று வண்டியை முகப்பில் இருந்து பார்ப்பவர்கள். அவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ஜன்னலில் மூன்று இருக்கும்: வெளியே படுக்கைவாட்டில் இரும்புக் கம்பிகள், உள்ளே கண்ணாடி ஷட்டர், பலகை இடுக்குகள் கொண்ட இன்னொரு ஷட்டர். எல்லா ஜன்னலையும் ஒரே நிலையில் வைக்காதீர்கள். எங்கள் பாதையில் மழைக்காலத்தில் மலையேறும் வண்டியில், ஒரு பக்கம் முழுக்கப் பலகை ஷட்டர் இறங்கியிருக்கும், மறுபக்கம் பாதி திறந்திருக்கும். பெட்டியின் அடியில் பேட்டரிப் பெட்டி, அச்சில் இருந்து பெல்ட் வைத்துச் சுழலும் டைனமோ, பிரேக் சிலிண்டர் மூன்றும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவை இல்லாவிட்டால் பெட்டி தரைக்கு மேல் மிதப்பது போல இருக்கும். நிறம் செங்கல் சிவப்பு என்றால் பெரும்பாலும் வேக்குவம் பிரேக் காலம், நீலம் என்றால் பெரும்பாலும் காற்று பிரேக் காலம். எந்தக் காலத்துப் பெட்டி என்று முடிவு செய்துவிட்டு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

குண்டாற்றுக்கரையான் எழுதியது:

ஐயா சொன்ன பலகை ஷட்டருக்கு ஒன்றுக்கு இரண்டு அளவுள்ள, கோடு கோடாகப் பிளந்த கிரில் ஓடு மிகச் சரியாக அமையும். பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தினால் கோடுகள் படுக்கைவாட்டில் வரும். அப்படிப் பொருத்தும்போது ஐந்து தகட்டு உயரம் இரண்டு குமிழ் அகலத்துக்குச் சமம் என்பதை நினைவில் வைத்தால் இடைவெளி விழாது. கம்பிகளுக்கு மட்டும் லெகோ பாகம் இல்லை. அவர்களுடைய மிக மெல்லிய கோல் 3.2 மில்லிமீட்டர், இந்த விகிதத்தில் அது 72 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி ஆகிவிடும், சிறைச்சாலை போலத் தெரியும். அரை மில்லிமீட்டர் எஃகுக் கம்பி வைப்பதே முறை. களியக்காவிளை நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நிறத்தில் ஓர் எச்சரிக்கை. செம்பழுப்பு, அடர்சிவப்பு நிறங்களில் பழைய கட்டைகளை வாங்கினால் பல எளிதில் விரிசல் விடும். அந்த நிறங்களுக்கே சில ஆண்டுகள் இந்தக் குறை இருந்தது. பழைய தொகுப்பு ஒன்றை மொத்தமாக ஒருவரிடம் வாங்கி, ஜன்னலடிச் சுவர் முழுக்க அடுக்கிய பிறகு, திரும்பக் கழற்றும்போது முப்பதுக்கு மேல் கையிலேயே உடைந்ததைப் பார்த்து மனம் நொந்தவன் நான். எடை தாங்கும் இடங்களுக்குக் கறுப்போ சாம்பலோ வைத்து, சிவப்பை வெளித்தோலுக்கு மட்டும் வையுங்கள்.

ஆரியங்காவுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். 45 மில்லிமீட்டர் பாதையையும் 22.5-இல் ஒன்று என்ற விகிதத்தையும் எடுத்துக்கொண்டு, முழுப் பெட்டிக்கும் கட்டை வாங்கும் முன்பாக அடிச்சட்டத்தை மட்டும் கட்டிச் சோதித்தேன்.

இரண்டு அடுக்குத் தகட்டில் கட்டிய முதல் சட்டத்தை இரண்டு போகிகள்மேல் வைத்து, நடுவில் இரண்டரைக் கிலோ அரிசிப் பையை வைத்தபோது, நூல் கட்டி அளந்ததில் 7 மில்லிமீட்டர் தொங்கியது. அக்கா சொன்னபடி மூன்றாவது அடுக்கைச் சேர்ப்புகள் மாறி வரும்படி சேர்த்து, ஜன்னலடி உயரத்துக்குச் சுவரை எழுப்பி, ஒவ்வொரு பதினாறு குமிழுக்கும் ஒரு நிற்கும் பீமை ஊசியால் பூட்டியதும், அதே அரிசிப் பைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே தொங்குகிறது. ஓர் இரவு முழுக்கப் பையை எடுக்காமல் விட்டுப் பார்த்தேன், மாற்றம் இல்லை.

இடையில் ஒரு சிக்கல் வந்தது. இதே அளவில் கட்டப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். பதினைந்து குமிழ் என்பது ஒற்றைப்படை என்பதால், அகலவாக்கில் மையம் ஒரு குமிழின் நடுவில் விழுகிறது. நூற்றெட்டு என்பது இரட்டைப்படை. போகி மையங்களுக்கு இடையே எழுபத்தாறு குமிழ் விட்டால் நீளவாக்கில் ஒவ்வொரு மையமும் இரண்டு குமிழ்களுக்கு நடுவில் விழுகிறது. படுக்கவைத்த டெக்னிக் பீமின் துளை குமிழின் நடுவுக்கே பொருந்தும் என்பதால், போகியின் சுழல் ஊசி எங்கே வைத்தாலும் அரைக் குமிழ் தவறியது. இரண்டு நாள் கழற்றிக் கழற்றிக் கட்டினேன். கடைசியில் பெட்டியின் நீளத்தை நூற்றொன்பது குமிழ் ஆக்கினேன். இப்போது ஒவ்வொரு முனையில் இருந்தும் பதினேழாவது குமிழின் நடுவில் ஊசி நேராக இறங்குகிறது. உண்மை அளவை விட 5 மில்லிமீட்டர் நீளம் கூடிவிட்டது. அதைக் கண் கண்டுபிடிக்காது என்று முடிவு செய்துகொண்டேன்.

முற்றத்தில் 2,320 ஆரத்தில் கால் வட்டம் போட்டு, அரிசிப் பையோடே கையால் தள்ளிப் பார்த்தேன். பேரிங் வைத்த சக்கரங்கள் ஒரே தள்ளுக்கு வளைவைக் கடந்துவிட்டன. தந்தையார் வழக்கம்போல முகப்பில் குனிந்து பார்த்தார். ஐயா சொன்னபடி நடுவில் ஒற்றை பஃபர் வைத்திருந்ததை விரலால் தொட்டுவிட்டு, இரண்டு பக்கமும் நீட்டிய சட்டத்தின் அடியில் கையை நுழைத்து, “இங்க படி எறங்கணும்லா, எங்க?” என்று கேட்டார்.

படியை நான் யோசிக்கவே இல்லை. வளைவில் போகி திரும்பும்போது சக்கரம் படியின் உள்பக்கத்தில் இடிக்காமல் இருக்க, கதவு முனைகளில் எவ்வளவு உள்ளே வைக்கலாம் என்று இன்று கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன். ஐயாவிடம் படிகளின் உயரமும் அகலமும் தெரியும் புகைப்படம் இருந்தால், இங்கே இணைத்து உதவ வேண்டுகிறேன். அது கிடைத்ததும் செங்கல் சிவப்பில் வெளித்தோலுக்கான கட்டைகளை வாங்கிவிடுவேன்.